இரண்டு பக்கமும் ஒரே எண்

மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த துண்டை எடுக்கக் கையை உயர்த்தியபோது வலது தோளுக்குள் எதுவோ உரசியது. அதை வலி என்று சொல்ல முடியாது. மணல் விழுந்த கீல் திரும்புவதுபோல இருந்தது. துண்டை இடது கையால் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. சர்க்கரை நோய் பதினோரு ஆண்டுகளாக உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூன்று வாரத்தில் உரசல் வலியாயிற்று. பேண்டின் பின்பக்க வளையத்தில் பெல்ட்டைக் கோக்க முடியவில்லை. முதுகில் சோப்பு போடுவது நின்றுபோனது. வலப்பக்கம் படுக்க முடியவில்லை. இதைப் படிப்பவருக்குத் தோள்வலி இருந்தால் இந்தப் பட்டியலை நான் நீட்ட வேண்டியதில்லை. இல்லாதவருக்கு எவ்வளவு நீட்டினாலும் புரியாது.

என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் செய்த தவறு அதிலிருந்துதான் வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் டிராஃப்ட் சர்வே (கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து அதிலுள்ள சரக்கின் எடையைக் கணிப்பது) செய்தேன். கப்பலின் உடலில் முன்னும் நடுவிலும் பின்னும் எண்கள் எழுதப்பட்டிருக்கும். நீர்மட்டம் எந்த எண்ணைத் தொடுகிறது என்று இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். கரைப்பக்கம் சுலபம், மேடையில் நின்றபடியே படித்துவிடலாம். கடல்பக்கத்துக்குப் படகில் இறங்க வேண்டும். அங்கே அலை ஏறி இறங்கும். எண் ஓரிடத்தில் நிற்காது. வெயிலில் காத்திருந்து, உச்சத்தையும் தாழ்வையும் பார்த்து, நடுவை எடுக்க வேண்டும்.

படகில் இறங்கச் சோம்பல்பட்டு, கரைப்பக்க எண்ணையே கடல்பக்கத்துக்கும் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட அறிக்கையை நான் திருப்பி அனுப்புவேன். இரண்டு பக்கமும் புள்ளிக்குப் பின்னாலும் ஒரே எண் வந்தால் கப்பல் நேராக நிற்கிறது என்று பொருளல்ல, ஒருவர் படகில் இறங்கவில்லை என்று பொருள். இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்ன தொனியும் இனிமையானதல்ல.

எலும்பு மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு, தசைநாணில் (தசையை எலும்போடு கட்டும் நாரில்) அழற்சியும் சிறு நைவும் இருப்பதாகச் சொன்னார். மாத்திரை, பயிற்சி, மூன்று மாதம். அறுவை தேவைப்படாது.

"நைஞ்சிருக்கு, கிழியல. கிழிய விட்டுராதீங்க" என்றார். அதுதான் நிபந்தனை. நார் கிழியாமல் இருந்தால் கை என்னுடையது. கிழிந்தால், சட்டை போடுவது முதல் சோறு பிசைவது வரை இன்னொருவர் கையை நம்ப வேண்டும். என் மனைவி கோமதி அந்த இன்னொருவராக இருக்கத் தயாராகத்தான் இருந்தாள். நான்தான் தயாராக இல்லை.

பிசியோதெரபி (உடலியக்கப் பயிற்சி மருத்துவம்) பகுதிக்கு வெளியே நீண்ட நடைவழி. அங்கேதான் ரோஸ்லின் என்ற மேற்படிப்பு மாணவி ஒரு தாளுடன் வந்தாள். தோள்வலிக்காரர்களுக்கான வினாத்தாள். பதினான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து பத்துவரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். வலியே இல்லை என்றால் சுழி, தாங்கவே முடியாது என்றால் பத்து.

அவளுடைய ஆய்வு வலியைப் பற்றியதல்ல, அந்தத் தாளைப் பற்றியது. ஒரே ஆளிடம் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை அதே தாளைக் கொடுத்தால் ஏறத்தாழ அதே விடை வருகிறதா என்று பார்ப்பது. இதற்கு நம்பகத்தன்மை (அளக்கப்படுவது மாறாதவரை அளவுகோலும் மாறாமல் இருப்பது) என்று பெயர். நான் வாழ்க்கை முழுவதும் செய்த வேலை. உடனே சம்மதித்தேன். விளக்கத் தாளை முழுவதும் படித்தவன் நான் ஒருவன்தான் என்று அவளே சொன்னாள்.

கேள்விகள் வேறெங்கோ எழுதப்பட்டு மொழிபெயர்க்கப்பட்டவை. ஒன்று, கோட்டுக்குப் பொத்தான் போடும்போது எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டது. தூத்துக்குடியில் கோட்டு போடுகிறவர் மணமகன் மட்டும்தான். அன்றைக்கு அவர் தோளைப் பற்றி யோசிக்க மாட்டார். இது உட்பட ஏழு திருத்தங்களை எழுதிக் கொடுத்தேன்.

"இது ஏற்கெனவே சரிபாத்த மொழிபெயர்ப்பு சார். நாங்க தொடக்கூடாது" என்றாள் ரோஸ்லின்.

"தப்பா இருந்தாலுமா?"

"தப்பா இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே தப்பா இருக்கணும் சார்."

சரியான பதில். அந்தப் பெண்ணின் மேல் மதிப்பு வந்தது.

பக்கத்து இருக்கையில் மிக்கேல் என்பவர் இருந்தார். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்கு குளிப்பவர், ஐம்பது வயதிருக்கும், இடது தோள். ரோஸ்லின் அவருக்குக் கேள்விகளைப் படித்துக் காட்டினாள். கடந்த ஒரு வாரத்தில் அதிகபட்ச வலி எத்தனை என்று கேட்டதும் அவர் யோசித்தார்.

"தண்ணிக்குள்ளயா, மேலயா? நீ எந்த வலியக் கேக்க தாயி?"

"பொதுவா அண்ணாச்சி."

"பொதுவா வலிக்காதுலா. கீழ சங்கு தடவுதப்போ ஒண்ணுமே தெரியாது. மேல வந்து வள்ளத்துல ஏறுதப்போ உயிர் போவும். வள்ளத்துல உக்காந்துட்டா மறுபடி ஒண்ணுமில்ல." என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்க எத்தன போட்டிய?" என்றார்.

தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் நாலு போட்டார்.

கொடுப்பதற்கு முன்பு என் தாளைக் கைபேசியில் படம் எடுத்தேன். நகல் இல்லாமல் நான் எந்தத் தாளையும் கைவிட்டதில்லை.

"அடுத்த வாரம் எழுதையில இதப் பாக்கக்கூடாது சார்" என்றாள் ரோஸ்லின்.

"பார்க்க மாட்டேன். இது கோப்புக்கு" என்றேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். பேருந்தில் நின்றபடி போனோம். ஓர் ஆடு குறுக்கே வர, ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். என் உடல் முன்னால் போயிற்று. மேல்கம்பியைப் பிடித்திருந்த வலது கை போகவில்லை. தோளுக்குள் பழைய துணி கிழிவதுபோல ஒரு சத்தம். அது வெளியே யாருக்கும் கேட்கவில்லை. ஆடு சாலையைக் கடந்து போய்விட்டது.

பந்தியில் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, இலையை நோக்கிக் குனிந்து சாப்பிட்டேன். கை வாய்க்கு வரவில்லை, அதனால் வாய் கைக்குப் போயிற்று. கோமதி எதிர்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்ற முடியவில்லை. அவள்தான் கழற்றினாள்.

"இப்பவே டாக்டருக்குப் போன் போடுங்க."

"வியாழக்கிழமை எப்படியும் போகணும்."

"கை தொங்குது. இதுல கிழமை பாக்குதியளே."

வியாழக்கிழமை ரோஸ்லின் இரண்டாம் தாளைக் கொடுத்தாள். முதல் விளக்கத் தாளிலேயே ஒரு வரி இருந்தது: இடையில் நோய் நிலை மாறியவர்கள் ஆய்விலிருந்து நீக்கப்படுவார்கள். அந்த வரி எனக்கு மனப்பாடம்.

அந்த வரியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை இதே நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மாறினால் சொல் என்று அது கேட்டது. மாறாதே என்று உத்தரவிட்டதாக நான் எடுத்துக்கொண்டேன். முன்பு எழுதியதோடு பின்பு எழுதுவது முரண்படக் கூடாது என்பது அலுவலகத்தில் ஊறிய புத்தி. முரண்பட்டால் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் கொடுத்தால் ஸ்கேன், ஸ்கேன் வந்தால் "கிழிஞ்சிருக்கு" என்ற சொல். கைபேசியில் படம் இருந்தது. எதிர்ப்பக்கத் தூணோரம் போய் உட்கார்ந்து, படத்தைப் பார்த்து, பதினான்கு வட்டங்களையும் அப்படியே போட்டேன். வலது கையால் முடியாததால் தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டை நகர்த்தி நகர்த்திப் போட்டேன். சட்டை போடுவது: மூன்று. கடைசியில் ஒரு தனிக் கேள்வி இருந்தது. போன தடவையைவிட உங்கள் தோள் எப்படி இருக்கிறது? அப்படியே இருக்கிறது என்பதில் குறியிட்டேன்.

அன்றும் மிக்கேல் வந்திருந்தார். போன தடவை நாலு என்றவர் இப்போது எட்டு என்றார்.

"போன தடவை நாலுன்னுல்லா சொன்னிய?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"அது போன வாரம். இந்த வாரம் கடல் மோசம். கடலே மாறிட்டு, தோளு மாறாதா?"

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு எந்த அளவுகோலையும் சோதிக்க முடியாது என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டேன்.

மருத்துவர் அறையில் கூட்டம். இரண்டு தாள்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தார். "எப்படி இருக்கு?" என்றார். "அப்படியேதான்" என்றேன். கையைத் தூக்கச் சொன்னார். இப்போதுதான் பயிற்சி முடிந்தது, ஓய்ந்திருக்கிறது என்றேன். பயிற்சிக்கே நான் போகவில்லை. கோமதி அன்று கூட வரவில்லை. வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

ஆறு வாரம் ஓடிற்று. காலையில் கோமதி சட்டை போட்டுவிடுவாள், இரவு கழற்றுவாள். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிகளைச் செய்வதாகப் பேர் பண்ணினேன். வலி குறைந்துகொண்டே வந்தது. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். முழுவதும் அறுந்த நார் சில சமயம் நைந்த நாரைவிடக் குறைவாகவே வலிக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வலி குறைந்தாலும் கை உயரவில்லை.

ரோஸ்லினிடமிருந்து அழைப்பு வந்தது. நேரில் வர முடியுமா என்று கேட்டாள். இந்தத் தடவை கோமதி கேட்காமலே கிளம்பிவிட்டாள்.

மேசையில் என் இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"சார், பதினாலுலயும் ஒரே நம்பர். வேற யாருக்குமே அப்படி வரல. ரொம்பச் சரியா எழுதறவங்களுக்குக்கூட ஒண்ணு ரெண்டு மாறும்."

ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் அந்த வாக்கியத்தை அடையாளம் கண்டுகொண்டேன். அது நான் சொல்லும் வாக்கியம். மேடையில் நின்றபடி அறிக்கை எழுதியவனிடம், தாளை நீட்டி, இதே தணிந்த குரலில் சொல்வேன். அவன் படகில் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்பதுதான் அந்தக் குரலின் பொருள்.

"என் ஆய்வ மேற்பார்க்கிற மேடமும் பாத்தாங்க. ஒரு தடவை தோளைப் பாத்துருங்கன்னாங்க. சட்டையக் கழட்டுறீங்களா சார்?"

இடது கையால் முதல் பொத்தானைத் தொட்டேன். அதற்குள் கோமதி பழக்கத்தில் எழுந்து வந்து மீதிப் பொத்தான்களைக் கழற்றி, வலது கையை ஒரு பொட்டலத்தைப்போல எடுத்துச் சட்டைக்கு வெளியே வைத்தாள். ரோஸ்லின் அதைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள்.

"சட்டை போடறதுக்கு மூணுன்னு இருக்கும்மா."

கோமதி தாளை வாங்கிப் படித்தாள். "சட்டை போட்டுவிடுதது நான். மூணுன்னு எழுதுதது இவுக" என்றாள். குரலில் கோபம் இல்லை. "என்கிட்ட கேட்டிருந்தா பத்துன்னு சொல்லியிருப்பேன்."

அடுத்து விழுகைச் சோதனை (பக்கவாட்டில் உயர்த்திவிட்ட கையை நோயாளியே மெல்ல இறக்க முடிகிறதா என்று பார்ப்பது). ரோஸ்லின் என் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினாள். "விடப்போறேன் சார். நீங்க மெதுவா இறக்குங்க" என்றாள். விட்டாள். கை விழுந்தது. தொடையில் மோதி நின்றது. அது என் கை என்பதைவிட அந்த அறையில் கிடந்த ஒரு பொருள் என்பதுபோல இருந்தது.

பேருந்து, ஆடு, கைபேசிப் படம் எல்லாவற்றையும் சொன்னேன். ரோஸ்லின் திட்டவில்லை. ஒரு படிவத்தை எடுத்து எழுதினாள். தலைகீழாகவும் படிக்கத் தெரிந்தவன் நான். "நீக்கம்: மேலும் ஒருவர். காரணம்: இடையில் நிலை மாற்றம்" என்று எழுதினாள். முப்பத்து மூன்று ஆண்டுகள் நம்பகத்தன்மையைக் கொண்டு பிழைத்தவன் அந்தத் துறையின் ஆய்வில் இடம்பெற்றது அந்த வரியில்தான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நார் முழுவதும் அறுந்து, அறுந்த முனை எலும்பிலிருந்து பின்வாங்கியிருந்தது. அறுந்த அன்றைக்கே வந்திருந்தால் தைப்பது சுலபம் என்றார் மருத்துவர். இன்னும் சில மாதம் போயிருந்தால் தசை கொழுப்பாக மாறி, தைப்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

"முழுசா வருமா?" என்று கேட்டேன்.

"தைக்கலாம். முழுசா வரும்னு எழுதித் தர மாட்டேன்" என்றார். நகல் கேட்பவன் என்று அவருக்கும் சொல்லியிருப்பார்கள்.

நுண்துளை அறுவை (சிறு துளைகள் வழியே கருவி செலுத்திச் செய்வது) நடந்தது. அதன் பிறகு ஆறு வாரம் கை ஒரு தூளிப்பட்டையில் மார்போடு கட்டப்பட்டிருந்தது. சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். அந்த ஆறு வாரம் நான் கையை அசைக்கவே கூடாது. அதற்கு முந்தைய ஆறு வாரம் அசைப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். காலண்டரில் இரண்டும் ஒரே நீளம்.

கட்டு அவிழ்ந்த பின் சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சி. சுவரை நோக்கி நின்று, விரல்களால் சிலந்திபோல மேலே நடக்க வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கிழமையைக் குறித்தேன். மாப்பிள்ளையூரணியில் இருக்கும் எங்கள் வீட்டின் படுக்கையறைச் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கப்பலின் பக்கவாட்டு எண்கள் வந்தன. சில வாரம் கோடு முந்தைய வாரத்தைவிடக் கீழே விழுந்தது. முதலில் அப்படி விழுந்தபோது மறுபடி முயன்று பழைய கோட்டைத் தொடப் பார்த்தேன். கதவருகே கோமதியின் நிழல் தெரிந்தது. கீழே விழுந்த இடத்திலேயே கோட்டைப் போட்டேன்.

பிசியோதெரபி நடைவழியில் மிக்கேலை மறுபடி பார்த்தேன். வலி கூடிவிட்டது என்று அவர் சொன்ன அன்றே பரிசோதித்து, ஊசி போட்டு, ஒரு மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்று தடுத்திருக்கிறார்கள். இப்போது மறுபடி சங்கு குளிக்கப் போகிறார். நாலும் எட்டுமாக மாறிய அவருடைய தாளையும் ரோஸ்லின் ஆய்விலிருந்து நீக்கியிருந்தாள். ஆனால் அவர் உண்மையைச் சொல்லி நீங்கியவர்.

"என்ன அண்ணாச்சி, பாத்து எழுதிப் பெயிலாயிட்டியளாமே?"

"யார் சொன்னது?"

"எல்லாருந்தான். பரீட்சையில பக்கத்துப் பையனப் பாத்து எழுதுவானுவ. தன்னோட தாளத் தானே பாத்து எழுதுன ஆளு நீங்க ஒருத்தருதான்."

சிரித்தேன். தோளுக்குள் தையல் இழுத்தது. இரண்டு என்று மனத்துக்குள் எண் போட்டுக்கொண்டேன்.

அறுவைக்கு எட்டு மாதம் கழித்து மருத்துவமனையில் அதே வினாத்தாளைத் தந்தார்கள். கோட்டுப் பொத்தான் கேள்வி அப்படியே இருந்தது. இரண்டு தாள் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றைக் கோமதியிடம் கொடுத்தேன்.

"ஒங்க வலி எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சதை மட்டும் போடு. எனக்குக் காட்டாதே."

சாப்பாட்டு மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்து எழுதினோம். அவள் பாதிக் கேள்விகளை விட்டுவிட்டாள். எழுதியவற்றில் சில ஒத்துவந்தன, சில வரவில்லை. சட்டை போடுவது: நான் இரண்டு, அவள் ஐந்து.

"நானேதானே இப்ப போடுதேன்" என்றேன்.

"போடுதிய. போட்டு முடிக்க மட்டும் நான் வாசல்ல நிக்கேம்லா. அதையும் சேத்துதான் போட்டேன்."

கப்பலாக இருந்தால் இரண்டையும் கூட்டி நடுவை எடுத்திருப்பேன். இங்கே எடுக்கவில்லை. இரண்டு தாளையும் ஒரே குண்டூசியில் குத்தி மருத்துவரிடம் கொடுத்தேன். எது சரி என்று கேட்டார். இரண்டு பக்கம் என்றேன். நகல் எடுக்கவில்லை.

சுவரில் கடைசிக் கோடு, பழைய நான் எட்டியிருக்கக்கூடிய இடத்துக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. மேலே போகாது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். மாடியில் கொடியை ஒரு சாண் இறக்கிக் கட்டிவிட்டோம். வருடக் கணக்கில் தோள் எப்படி என்று கேட்டால் இப்போது எனக்கு உடனே சொல்ல வருவதில்லை. கடந்த ஒரு வாரத்தைக் கேட்டால் சொல்வேன்.

சட்டை போட ஒரு முறை இருக்கிறது. தைத்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். காலையில் வலது கையைச் சட்டைக்குள் விட்டு, அது தன் வேகத்தில் கைப்பகுதி முழுவதும் போய் வெளியே வரும்வரை காத்திருக்கிறேன். பிறகுதான் மீதி நான் உள்ளே போகிறேன். வாசலில் கோமதி நிற்கிறாள். இன்று திங்கள். நேற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.